கோல்ஃப் மட்டையை இறுக்காதீர்கள்!

கோல்ஃப் பழக ஆரம்பித்த சில நாட்களிலேயே முழங்கையின் உள்பக்கம் ‘விண் விண்’ணென்று வலிக்கிறதா? மட்டையைப் பிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். புதிதாகப் பழகும் பலர், உலக்கையைப் பிடிப்பதுபோல உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கிவிடுகிறார்கள். முன்கைத் தசைகள் விறைத்துப்போகும். ஒவ்வொரு அடியிலும், அவை முழங்கை எலும்போடு சேரும் இடத்தில் சுண்டி இழுக்கும். இந்த வலிக்குப் பெயரே ‘கோல்ஃபர்ஸ் எல்போ’தான்!

சரி, எப்படிப் பிடிப்பது? வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால் இடது கை மேலே, வலது கை கீழே.

முதலில் இடது கை. சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணு வரை, மட்டை குறுக்காக விரல்களில் படியட்டும். கட்டைவிரல், நடுவிலிருந்து சற்றே வலப்பக்கம். குனிந்து பார்த்தால் இரண்டு விரல்முட்டிகள் தெரிய வேண்டும்.

அடுத்து வலது கை. அதன் உள்ளங்கைக் குழி இடது கட்டைவிரலை மூடட்டும். வலது சுண்டுவிரலை, இடது கை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் மேல் வையுங்கள். பிரிட்டிஷ் ஓபனை 6 முறை வென்ற ஹாரி வார்டன் பிரபலமாக்கிய பிடி இது. சின்னக் கையா? வலது சுண்டுவிரலையும் இடது ஆள்காட்டி விரலையும் கோத்துக்கொள்ளுங்கள். ஜாக் நிக்லஸ் பிடித்தது அப்படித்தான்.

எவ்வளவு அழுத்தம்? உரித்த வாழைப்பழத்தைப் பிடிப்பதுபோல... நழுவவும் கூடாது, நசுங்கவும் கூடாது. அவ்வளவுதான்!

வலி இருந்தால் ஆட்டத்துக்கு லீவு விடுங்கள். ஓய்வெடுத்தும் குறையவில்லையா? டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.