இருதய நோயாளிக்கு உடற்பயிற்சி: இயந்திரத்தை நம்பி இறங்கும் தொழிலல்ல

"மகனுக்கு ஜிம் ஒன்று போட்டுக் கொடுத்தால் ஓடுமா?" வர்த்தக நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. ஓடலாம். ஆனால் ஒரே வீதியில் நாலாவது ஜிம்மாகப் போட்டியிடுவதற்கு முன், அதற்கு அடுத்த வீட்டிலேயே இருக்கும் இன்னொரு துறையைப் பற்றிச் சிந்திப்பது நல்லது. மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் சத்திரசிகிச்சை செய்தவர்கள் ஆகியோரை முறையான உடற்பயிற்சி மூலம் பழைய வாழ்க்கைக்குத் திருப்பும் தொழில் அது. இருதயப் புனர்வாழ்வு என்று இதனைச் சொல்வார்கள்.

இதன் தேவையை வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. காலை முதல் இரவு வரை கல்லாவில் இருப்பு, நேரந்தப்பிய சாப்பாடு, சீனி வருத்தம், பிரஷர், காசோலை திரும்பிவிடுமோ என்ற கவலை. எனக்குத் தெரிந்த புடவைக்கடை முதலாளி ஒருவர் பைபாஸ் செய்து வந்தபின் ஒரு வருடமாக மாடிப்படி ஏறவில்லை. சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்திருந்தது. ஏறினால் ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம்தான் காரணம். களஞ்சியம் இருந்ததோ மேல் மாடியில். என்ன சரக்கு உண்டு, என்ன முடிந்தது என்பதை ஊழியர்கள் சொல்லித்தான் அவர் அறிந்துகொண்டார். இருதயம் திருந்தியது, வியாபாரம் படுத்துவிட்டது.

அந்தப் பயத்தை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. ஒரு காலத்தில் வைத்தியர்களே மாரடைப்பு நோயாளியை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தி வைத்தார்கள். 1952இல் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற அமெரிக்க வைத்தியர்கள் நோயாளிகளை நாற்காலியில் அமர வைத்துச் சிகிச்சையளித்து, படுக்கையை விட அது நல்லது என்று எழுதினார்கள். நாற்காலியில் இருந்து நடை, நடையில் இருந்து பயிற்சி என்று வழி திறந்தது. 2021இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, 23,000 பேருக்கு மேல் பங்குகொண்ட 85 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. பயிற்சியுடன் கூடிய புனர்வாழ்வு மறுபடி மாரடைப்பு வருவதையும், வைத்தியசாலையில் மீண்டும் அனுமதிக்கப்படுவதையும், இருதய நோயால் ஏற்படும் மரணத்தையும் குறைக்கின்றது என்பதே அதன் முடிவு.

சரி, இத்தொழில் செய்பவர் என்ன செய்கிறார்? முதலில் வைத்தியரின் கடிதத்தையும் அறிக்கைகளையும் வாசிக்கிறார். ஆறு நிமிடத்தில் நோயாளி எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கிறார், அல்லது ஈ.சீ.ஜீ. பூட்டி ட்ரெட்மில்லில் சோதிக்கப்பட்ட முடிவைப் பார்க்கிறார். அதற்கேற்ப மருந்து போலவே பயிற்சிக்கும் அளவு குறிக்கிறார். பயிற்சிக்கு முன்னும் பின்னும் நாடித்துடிப்பு, குருதியமுக்கம். சீனி வருத்தக்காரருக்குச் சீனி அளவு. நெஞ்சு நோ, தலைச்சுற்று, அளவு மீறிய மூச்சிளைப்பு ஏற்பட்டால் உடனே நிறுத்தம்.

இங்கேதான் படிப்பின் அவசியம் தெரிகிறது. இருதய நோயாளிகள் பலர் பாவிக்கும் பீற்றா புளொக்கர் மாத்திரை நாடித்துடிப்பை உயரவிடாது. துடிப்பை மட்டும் பார்த்து "இன்னும் வேகமாக ஓடுங்கள்" என்று சொல்லும் ஜிம் மாஸ்டர் ஆபத்தை விலைக்கு வாங்குகிறார். தேர்ந்தவரோ 6 முதல் 20 வரையான போர்க் அளவுகோலில் களைப்பு எவ்வளவு என்று நோயாளியிடமே கேட்பார், பேசிக்கொண்டே நடக்க முடிகிறதா என்று கவனிப்பார். அதேபோல், பைபாஸ் செய்தவரின் நெஞ்செலும்பு பொருந்தும்வரை பாரம் தூக்க விடமாட்டார்.

அமெரிக்காவில் இத்துறைக்கென்றே மருத்துவ உடற்பயிற்சி நிபுணர் என்ற தகைமை உண்டு. பட்டத்துடன் 600 மணித்தியாலத்துக்குக் குறையாத நேரடிப் பயிற்சி பெற்றுப் பரீட்சையும் எழுத வேண்டும். நமது பிள்ளைகளுக்கு நேரான வழி இயன்மருத்துவம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு கிடைத்தால் கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இதற்கான பட்டப்படிப்பு உண்டு. அதன்பின் இருதயப் பிரிவில் அனுபவமும் மேற்படிப்பும் தேவை. பெண்பிள்ளைகளுக்கும் இதில் நல்ல இடமிருக்கிறது. ஆண் பயிற்றுநரிடம் போகக் கூச்சப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடும் தாய்மார் நம்மிடையே எத்தனை பேர்!

இனி வியாபாரக் கணக்குக்கு வருவோம். அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகெயார் காப்புறுதி 36 அமர்வுகளுக்குப் பணம் கொடுக்கிறது. வாரம் மூன்று என்றால் 12 வாரம். அப்படியிருந்தும் தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவரே போகிறார்கள். செலவைக் காப்புறுதி ஏற்கும் இடத்திலேயே இந்த நிலை என்றால், சொந்தப் பணத்தில் வருபவரைத் தக்கவைப்பது இன்னும் கடினம். கொஞ்சம் சுகம் கண்டதும் வராமல் விடுவது மனித சுபாவம். வராதவருக்கு அன்றே தொலைபேசி எடுக்கும் நிலையமே நிலைக்கும்.

வாடிக்கையாளர் விளம்பரப் பலகையைப் பார்த்து வருவதில்லை. இருதய நிபுணர் அனுப்பித்தான் வருவார். ஒவ்வொரு நோயாளியின் முன்னேற்றத்தையும் எழுத்தில் அந்த வைத்தியருக்கு அனுப்பினால் அடுத்த நோயாளி வருவார். வேலை குழுவாகவே நடக்கும் என்பதால் ஒருவர் ஒரே நேரத்தில் சிலரைக் கவனிக்கலாம். இலாபம் இருப்பது அங்கேதான். ஆனால் ஆசைக்கு எல்லை வேண்டும். பிரித்தானிய நியமத்தில் ஐந்து பேருக்கு ஒரு பயிற்றுநர் என்பதே கணக்கு.

முதலிடுவோர் முதல் பணத்தை ட்ரெட்மில்லில் போட வேண்டாம். சமதரையான நடைபாதையும், சில நாற்காலிகளும், குருதியமுக்கமானியும் தொடக்கத்துக்குப் போதும். தாறுமாறாகத் துடிக்கும் இருதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் டிபிப்ரிலேட்டர் கருவியும், அதைக் கையாளப் பழகிய ஊழியரும் இல்லாமல் மட்டும் கதவைத் திறக்கக் கூடாது. மற்ற வியாபாரத்தில் பிழைத்தால் சரக்கு நட்டம், இதில் பிழைத்தால் ஓர் உயிர்.

ஆகவே மகனுக்கோ மகளுக்கோ இத்துறையில் நாட்டமிருந்தால், கட்டிடத்துக்கு முற்பணம் கொடுப்பதற்கு முன் படிப்புக்குக் கொடுங்கள். நாலைந்து வருடம் பொறுக்க வேண்டியிருக்கும். பொறுத்தவரிடம்தான் வைத்தியர்கள் நம்பி நோயாளியை அனுப்புவார்கள்.