பொலிகாளைகளின் விதை வீக்கம்

ஒரு பசு சினை பிடிக்கத் தவறினால் அதன் நஷ்டம் பெரும்பாலும் அதை வளர்ப்பவரோடு நின்றுவிடும். பொலிகாளை கெட்டாலோ ஊரிலுள்ள பசுக்கள் யாவும் அதன் பலனை அனுபவிக்க நேரிடும். செயற்கை முறைக் கருவூட்டல் எங்கும் பரவியுள்ள இக்காலத்திலும், காங்கேயம், உம்பளாச்சேரி, பர்கூர் முதலிய நாட்டு மாடுகளை வளர்ப்போரில் பலர் காளை சேர்க்கும் வழக்கத்தைக் கைவிடவில்லை. இத்தகைய காளையின் விதையில் வீக்கம் கண்டால், அடிபட்டதால் வந்தது என்று எண்ணிச் சூடு போடுவதும், பற்றுப் போடுவதும், வீக்கம் சற்று வாடியவுடன் மறுபடியும் பசுக்களுக்குச் சேர்ப்பதும் உண்டு. இதனால் காளை கெடுவதோடு, மந்தையில் மறைந்திருக்கும் கொடிய தொற்றுநோய் ஒன்று வெளிப்படாமலே பரவவும் இடமுண்டாகிறது. ஆகையால் இவ்வீக்கத்தின் காரணங்களையும், அதைக் கண்டறியும் முறைகளையும், செய்யத்தக்க சிகிச்சையையும் மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

விதையின் அமைப்பு

மாட்டின் சரீர உஷ்ணம் சாதாரணமாகப் பாரன்ஹீட் அளவில் 101 அல்லது 102 டிகிரி இருக்கும். விந்தணுக்கள் உண்டாவதற்கு இவ்வளவு உஷ்ணம் ஆகாது. அதனாலேயே விதைகள் வயிற்றுக்கு வெளியே, காற்றுப்படும்படி பையில் தொங்குகின்றன. அங்கே உஷ்ணம் சில டிகிரி குறைவாக இருக்கும். விதையில் அழற்சி உண்டானால் இரத்தம் பெருகி உஷ்ணம் ஏறுகிறது. வீக்கம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தாலும், அதே பையிலுள்ள மற்ற விதையையும் அவ்வுஷ்ணம் தாக்கும். விந்தணு உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய இரண்டு மாதங்கள் செல்லும். ஆகவே வீக்கம் முற்றிலும் வடிந்த பின்னரும் இரண்டு மூன்று மாதங்கள் வரையில் காளையின் விந்து பலமற்றிருப்பது இயல்பு. சூடு போடுவதும் வெந்நீர் ஒற்றடம் இடுவதும் ஏன் தீங்கானவை என்பது இதிலிருந்து விளங்கும்.

காரணங்கள்

முதலாவது, காயம். மற்ற மாடு உதைத்தல், கொம்பால் முட்டுதல், முள்வேலியையோ கம்பி வேலியையோ தாண்டுகையில் கிழிபடுதல் ஆகியவற்றால் வீக்கம் உண்டாகலாம்.

இரண்டாவது, சீழ்க்கிருமிகள். இவை காயத்தின் வழியாகவோ, சரீரத்தில் வேறோரிடத்திலுள்ள புண்ணிலிருந்து இரத்தத்தின் வழியாகவோ விதையை அடைகின்றன. அபூர்வமாகக் காசநோய்க் கிருமியும் விதையில் தங்குவதுண்டு.

மூன்றாவதும் மிக முக்கியமானதுமான காரணம், கன்று வீச்சு நோய். இதற்குப் புருசெல்லோசிஸ் என்பது வைத்திய நூல்களில் வழங்கும் பெயர். இவ்வினத்துக் கிருமியை 1887-ல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் என்னும் இராணுவ வைத்தியர் மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தார். பசுக்கள் கன்று வீசுவதற்குக் காரணமான கிருமியை 1897-ல் டென்மார்க் தேசத்தில் பெர்ன்ஹார்ட் பாங் என்பவர் கண்டுபிடித்தார். இக்கிருமி பசுவின் கருப்பையில் தங்கி, சினை ஐந்து மாதத்துக்கு மேல் ஆன நிலையில் கன்று வீசச் செய்கிறது. காளையிலோ விதையையும், அதை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் விந்துக்குழாயையும் பற்றிக்கொள்கிறது. வீசப்பட்ட கன்று, நஞ்சுக்கொடி, கருப்பை நீர் ஆகியவற்றால் அசுத்தமான தீவனத்தைத் தின்பதாலும் நக்குவதாலும் இந்நோய் மாட்டுக்கு மாடு பரவுகிறது. ஆகையால் காளையின் விதை வீக்கம் இந்நோயால் ஏற்பட்டதானால், நோய் மந்தைக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்டது என்றே கொள்ளவேண்டும்.

அறிகுறிகள்

புதிதாக உண்டான அழற்சியில் விதைப்பை ஒரு பக்கமோ இரு பக்கமுமோ வீங்கிச் சிவந்து, தொட்டால் சுடும். காளை வலி தாங்காமல் விலகும். பின்னங்கால்களை அகற்றி வைத்து நிற்கும், நடை விறைப்பாக இருக்கும், தீவனம் குறையும், காய்ச்சல் காணலாம். பசுவின்மீது ஏற மறுப்பது பெரும்பாலும் முதலில் கண்ணில் படும் குறியாகும்.

நாட்பட்ட அழற்சியில் வலியும் சூடும் இரா. விதை கெட்டிப்பட்டும், மேடுபள்ளமாகவும், நாளடைவில் சுருங்கியும் காணப்படும். பைக்குள் எளிதில் நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். இத்தகைய காளை நன்றாகத் தின்று கொழுத்து, பசுக்களின்மீது ஏறவும் செய்யும். ஆனால் அதனிடம் சேர்த்த பசுக்கள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் பருவத்துக்கு வந்துகொண்டிருக்கும். குறை பசுக்களிடத்தில் என்று எண்ணிச் சொந்தக்காரர்கள் பல மாதங்களை வீணாக்குவது இந்நிலையிலேதான்.

நோயைக் கண்டறிதல்

விதைப்பையின் வீக்கமெல்லாம் அழற்சியாகாது. குடல் பைக்குள் இறங்கியிருந்தால் வீக்கம் பையின் கழுத்துப் பக்கத்தில் மிருதுவாக இருக்கும். நீர் கோத்திருந்தால் பை தளதளப்பாகவும், சூடும் வலியும் இன்றியும் இருக்கும். இவற்றைப் பகுத்தறிவது கால்நடை வைத்தியரின் வேலை. அவர் வருமுன் எவரும் கீறிப் பார்த்தல் கூடாது. இறங்கியது குடலாக இருந்தால் காளை உயிரிழக்கும்.

வைத்தியர் வந்ததும் சொந்தக்காரர் மூன்று விவரங்களை மறைக்காமல் தெரிவிக்கவேண்டும். வீக்கம் எப்பொழுது கண்டது, அதற்குமுன் காளை அடிபட்டதா என்பது ஒன்று. கடந்த ஓராண்டில் அம்மந்தையிலோ, காளை சேர்க்கப்பட்ட மற்ற இடங்களிலோ பசு கன்று வீசியதா, நஞ்சுக்கொடி விழாமல் தங்கியதா என்பது மற்றொன்று. காளை எங்கிருந்து வாங்கப்பட்டது என்பது மூன்றாவது.

அடிபட்ட அடையாளம் இருந்தாலும் இரத்தப் பரீட்சை செய்தே தீரவேண்டும். ரோஸ் பெங்கால் பரீட்சை என்னும் முறையில், இரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரின் ஒரு துளியைச் சாயமேற்றிய கிருமிக் கலவையோடு சேர்த்தால், நோயுள்ளதாயின் சில நிமிஷங்களில் அது திரிந்து காணும். விதையில் கிருமி இருந்தும் சில காளைகளின் இரத்தம் குறி காட்டாமலிருப்பதால், ஒரு பரீட்சையோடு திருப்தியடையாமல், வைத்தியர் சொல்லும் காலத்தில் மறுமுறையும் இரத்தத்தைச் சோதிப்பதும், விந்தைச் சோதிப்பதும் நலம். மந்தையிலுள்ள பசுக்களின் இரத்தத்தையும் உடன் சோதிக்கவேண்டும்.

சிகிச்சை

வீக்கம் கண்ட அன்றே காளையை மந்தையிலிருந்து பிரித்துத் தனிக் கொட்டகையில் கட்டவேண்டும். பசுக்களுக்குச் சேர்ப்பதை நிறுத்தவேண்டும். தரையில் வைக்கோல் பரப்பி, காளை படுத்து ஓய்வு கொள்ளச் செய்யவேண்டும். முதல் இரண்டு நாட்கள், நாளொன்றுக்கு மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம், குளிர்ந்த நீரை விதைப்பையின்மீது மெதுவாக விட்டு வரலாம். கிருமிகளைக் கொல்லும் ஊசியும், வலியையும் வீக்கத்தையும் தணிக்கும் மருந்தும் வைத்தியர் யோசனைப்படியே கொடுக்கப்படவேண்டும். டைக்குளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்வதால், கால்நடைகளுக்குக் கொடுக்கலாகாதென்று இந்தியாவில் 2006-ல் தடுக்கப்பட்டது. கடையில் தாமே கேட்டு வாங்கிப் போடுவது இதனாலும் தகாது.

ஒரு விதை மட்டும் காயத்தாலோ சீழ்க்கிருமியாலோ கெட்டு, கன்று வீச்சு நோய் இல்லையென்று உறுதிப்பட்டால், கெட்ட விதையை மாத்திரம் அறுவைச் சிகிச்சையால் நீக்கிவிடலாம். தாமதமின்றிச் செய்தால் மற்ற விதை காப்பாற்றப்படும். அக்காளை பின்னர் பொலிவுக்கு உதவவும் கூடும். குணமடைந்த காளையை உடனே சேர்க்காமல், இரண்டு மூன்று மாதம் கழித்து விந்தைச் சோதித்த பின்னரே சேர்க்கவேண்டும்.

கன்று வீச்சு நோய் என்று உறுதிப்பட்டால், நம்பத்தக்க சிகிச்சை கிடையாது. இக்கிருமி உயிரணுக்களுக்குள்ளே புகுந்து மறைந்திருப்பதால் மருந்து அதை முற்றிலும் அழிப்பதில்லை. எவ்வளவு விலையுயர்ந்த காளையாயினும் அதைப் பொலிவிலிருந்து நீக்கிவிட வேண்டியதே. காயடித்துவிட்டால் போதுமென்று சிலர் கருதலாம். கிருமி நிணக்கட்டிகளிலும் மூட்டுகளிலும் தங்கக்கூடுமாதலால், அம்மாட்டைப் பிறர் மந்தைக்கு விற்பதும் சந்தைக்கு ஓட்டுவதும் அயலாருக்கு நோயை விற்பதாகும்.

மனிதருக்குள்ள அபாயம்

இந்நோய் மனிதருக்கும் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி, சோர்வு ஆகியவை அதன் குறிகள். ஆண்களுக்கு விதை வீக்கமும் உண்டாகலாம். மாட்டுக் கொட்டகையில் வேலை செய்பவருக்கு இக்குறிகள் கண்டால், வைத்தியரிடம் மாட்டின் நோயையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மனிதருக்கு இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரம் வரையில் கொடுக்கும் சிகிச்சை உண்டு. இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும். பாலைக் காய்ச்சியே பருகவேண்டும். வீசப்பட்ட கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல், சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்கவேண்டும். நாய்கள் தோண்டாதபடி மேலே கல் அடுக்குவது நலம்.

தடுக்கும் முறைகள்

2019-ல் இந்திய அரசாங்கம் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தின்படி, நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒருமுறை இந்நோய்க்குத் தடுப்பூசி போடப்படுகிறது. இம்மருந்தில் உயிருள்ள கிருமி இருப்பதால் காளைக்கன்றுகளுக்கும் காளைகளுக்கும் போடக்கூடாது. போட்டால் அதுவே விதை அழற்சியை உண்டாக்கக்கூடும். சினைப்பசுக்களுக்கும் இது ஆகாது. ஊசி போடும் நாளில் காளைக்கன்றுகளைத் தனியே கட்டி வைப்பது நல்ல ஏற்பாடு.

புதிதாக வாங்கும் காளையை இரத்தப் பரீட்சை முடியும் வரையில் தனியே வைக்கவேண்டும். வாங்குமுன் இரு விதைகளையும் கையால் தடவி, அளவிலும் உறுதியிலும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

கிராம அதிகாரிகளின் கடமை

கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புக்கென 2009-ல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, அட்டவணையிலுள்ள நோய் கண்டதாகக் கருதும் சொந்தக்காரர் அதைக் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ அறிவிக்கவேண்டும்; அங்கிருந்து அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்குச் செய்தி செல்லவேண்டும். கன்று வீச்சு நோய் அவ்வட்டவணையில் சேர்ந்தது. காளை வைத்திருப்பவர், தம் காளைக்கு இழுக்கு வரும் என்றும் சேர்க்கும் கூலி போய்விடும் என்றும் அஞ்சி மறைக்க முற்படலாம். காளை பழுதென்று வெளிப்பட்டால் ஒருவருக்கு நஷ்டம். மறைக்கப்பட்டால் ஊரின் கன்றுகளுக்கும் பாலுக்கும் குடியானவரின் உடல்நலத்துக்கும் கேடு. இதை அதிகாரிகள் பொறுமையாக எடுத்துரைத்து, காளை சேர்க்கப்பட்ட பசுக்களின் விவரத்தையும் எழுதிப் பெற்று வைத்தியரிடம் கொடுத்தால், சோதனை எளிதாகி நோய் வேறிடம் பரவாமல் தடுக்கப்படும்.