சிறையா, சிகிச்சையா?

ஹெராயினுடன் பிடிபடும் இளைஞனுக்குச் சிறையா, சிகிச்சையா? சங்கத்தில் சென்ற ஞாயிறு காரசாரமான விவாதம். நான் சிகிச்சையின் பக்கம்.

போர்ச்சுக்கல் 2001-இல், பத்து நாள் உபயோகத்துக்குட்பட்ட அளவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் பதில் ஆலோசனைக் குழுவின் முன் நிற்கிறார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலமும் 2021-இல் தண்டனையைத் தளர்த்தியது. சிகிச்சைக்கான பணம் தாமதமாகவே போய்ச் சேர்ந்தது, மக்கள் வெறுத்தனர், 2024-இல் மீண்டும் குற்றமானது. சட்டத்தைத் தளர்த்தினால் மட்டும் போதாது என்று நண்பர் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஹெராயின் உபயோகித்தால் ஓராண்டு வரை சிறை. ஆனால் 64ஏ பிரிவு, தாமாகவே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவரை வழக்கிலிருந்து விலக்குகிறது. பாதியில் விட்டால் விலக்கும் போகலாம்.

மானத்துக்கு அஞ்சிப் பிள்ளையை மறைக்கும் பெற்றோரே, கதவு திறந்திருக்கிறது.