வெள்ளி வந்ததும் நின்றதும்

ஊரப்பாக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியே சென்னைப் பட்டணத்துக்குச் செல்லும் நேயர்கள் சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கிறார்கள். அவ்விடத்தில் 1726-ஆம் வருஷம் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பாலம் கட்டுவித்தவர் பெட்ரஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வர்த்தகர். அப்பழம் பாலம் மறைந்து, மறைமலை அடிகள் பெயர் தாங்கிய பாலம் இன்று நிற்கிறது. உஸ்கானுடைய செல்வம் எங்கிருந்து வந்தது? மணிலா வர்த்தகத்திலிருந்து. சோழமண்டலக் கரைத் துணிகள் சென்னையிலிருந்து மணிலாவுக்குக் கப்பலேறின. அவற்றின் கிரயமாக ஸ்பெயின் தேசத்து வெள்ளி டாலர்கள் இங்கே வந்தன.

எட்டு ரியால் மதிப்புள்ள இந்நாணயத்தின் எடை ஏறக்குறைய 27 கிராம். 1545-இல் கண்டறியப்பட்ட பொட்டோஸி வெள்ளி மலையிலும் மெக்ஸிகோ சுரங்கங்களிலும் அமெரிக்கப் பூர்வகுடிகளை வதைத்து எடுத்த வெள்ளி அதில் இருந்தது. அகபுல்கோ துறைமுகத்தில் ஏற்றப்பட்டு, பஸிபிக் சமுத்திரத்தைத் தாண்டி அது மணிலா சேர்ந்தது. ஐரோப்பா வழியாகவும் கீழ்த்திசைக்கு வந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலேயே 1857 வரை அது சட்டப்படி செல்லுபடியாயிற்று.

ஆங்கிலக் கும்பினியாரும் இவ்வெள்ளியையே பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தனர். காரணம் யாது? அவர்களுடைய கம்பளித் துணியை இவ்வெயில் நாட்டில் வாங்குவார் அரிது. நம் நெசவாளியின் துணியையோ உலகமே விரும்பிற்று. ஆகவே, ரொக்கம் கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. தரகர்களின் கைகளைக் கடந்து நெசவாளிக்குக் கிட்டிய கூலி சொற்பமே. அவன் செல்வத்தில் மிதந்தான் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும், அவன் பண்டத்துக்கு அந்நியன் வெள்ளியால் விலை கொடுத்தாக வேண்டியிருந்தது.

இந்த நியாயம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1763-இல் ஆற்காட்டு நவாப் நமது செங்கற்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராக விட்டார். 1765-இல் வங்காளத்தின் திவானி உரிமையும் அதன் கைக்குப் போயிற்று. அங்கே குடிகளிடம் வசூலித்த வரியைக் கொண்டே குடிகளின் சரக்கை வாங்கிக் கப்பலேற்றினர். வங்காளத்துக்கு வந்த வெள்ளிப் பெட்டிகள் மிகக் குன்றின. பிற்காலத்தில் தாதாபாய் நவ்ரோஜி கணக்கிட்டுக் காட்டிய செல்வ வடிகாலின் ஊற்றுக்கண் இதுவே.

வாங்குபவனே வரி தண்டுபவனும் ஆனால், விலை என்பது வெறும் பேச்சு. கைத்திறன் ஒரு தேசத்துக்கு வெள்ளியைக் கொண்டுவரும். வந்த வெள்ளியைத் தனதாக்கிக்கொள்ளச் சுயராஜ்யமும் வேண்டும். அந்த டாலர் நமக்குக் கற்பிக்கும் பாடம் இது.