ரெயில் விபத்தில் தப்பினார்; பயத்தில் இருந்து தப்பவில்லை!

1865-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி. இங்கிலாந்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்ற ஊருக்கு அருகே, சிறிய பாலம் ஒன்றில் தண்டவாளத்தைக் கழற்றிப் பழுது பார்த்துக் கொண்டு இருந்தார்கள். ரெயில் வரும் நேரத்தை மேஸ்திரி அட்டவணையில் தவறாகப் பார்த்து விட்டார். வேகமாக வந்த ரெயில் தடம் புரண்டது. பெட்டிகள் கீழே ஆற்றுப்படுகையில் விழுந்தன. 10 பேர் மாண்டார்கள். 40 பேர் காயம் அடைந்தார்கள்.

முதல் வகுப்புப் பெட்டிகளில் ஒன்று மட்டும் விழாமல் பாலத்தில் தொங்கி நின்றது. அதில் இருந்தவர் நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். அவர் உடம்பில் காயம் எதுவும் இல்லை. வெளியே இறங்கி, தன் தொப்பியில் தண்ணீர் மொண்டு வந்து அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார். பிறகு தொங்கிய பெட்டிக்குள் மறுபடி ஏறி, எழுதிக் கொண்டு இருந்த நாவலின் கையெழுத்துப் பிரதியையும் எடுத்து வந்தார். எழுத்தாளர் அல்லவா!

வினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இரண்டு வாரம் அவருக்குக் குரல் எழும்பவில்லை. கை நடுக்கத்தால் கடிதம் எழுத முடியவில்லை. ரெயிலில் போகும்போது லேசாகக் குலுங்கினாலும் இருக்கையை இரு கைகளாலும் இறுகப் பற்றிக் கொள்வார். 1870-ம் ஆண்டு, அதே ஜூன் 9-ந் தேதி அவர் இறந்தார். பக்கவாதத்தால் வந்த அந்த மரணத்துக்கும் விபத்துக்கும் முடிச்சுப் போட ஆதாரம் கிடையாது. ஆனால் இடையில் இருந்த 5 ஆண்டுகளும் ரெயில் பயணம் அவருக்கு நடுக்கமாகவே இருந்தது.

"ரெயில் முதுகு"

அந்தக் காலத்தில் இப்படிப் பலர் இருந்தார்கள். விபத்து நடந்த அன்று எழுந்து நடந்து வீட்டுக்குப் போனவர்கள், சில வாரம் கழித்து டாக்டரிடம் வந்தார்கள். முதுகு வலி, தூக்கம் இன்மை, மறதி, காரணம் இல்லாத நடுக்கம். இந்த நோய்க்கு "ரெயில்வே ஸ்பைன்", அதாவது ரெயில் முதுகு என்று பெயர் வந்தது. எரிக்சன் என்ற லண்டன் சர்ஜன் 1866-ல் இதைப் பற்றிப் புத்தகமே வெளியிட்டார். தண்டுவடம் குலுங்கியதால் வந்தது என்பது அவர் கட்சி.

பேஜ் என்ற இன்னொரு சர்ஜன் 1883-ல் அதை மறுத்தார். முதுகில் ஒன்றும் இல்லை, எல்லாம் அதிர்ச்சியும் பயமும்தான் என்றார். அவர் ஒரு ரெயில் கம்பெனியின் டாக்டர் என்பதையும் மறந்து விடக் கூடாது. ஆனாலும் அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது.

இன்றைய வைத்தியம் இரண்டையும் ஒப்புக் கொள்கிறது. கார் மோதும்போதோ, ரெயில் மோதும்போதோ தலை வேகமாக உலுக்கப்பட்டால், மூளையின் மெல்லிய நரம்பு இழைகள் சிதையலாம். ஸ்கேன் படத்தில் அது தெரியாமலும் போகலாம். பின்னால் இருந்து வண்டி இடித்தால் கழுத்து வெடுக்கென்று வளைந்து நிமிர்கிறது. அந்த வலி சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரும். மனக்காயமோ தனி. பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய் என்று அமெரிக்க மனநல டாக்டர்கள் 1980-ல் தங்கள் நோய்ப் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள்.

வீட்டில் இது எப்படித் தெரியும்? சாதுவாக இருந்தவர் சாப்பாட்டுத் தட்டை வீசுகிறார். கணக்கு எழுதியவருக்குக் கூட்டல் பிசகுகிறது. சில ஆண்டு கழித்து திடீரென்று வலிப்பு வருகிறது. "உட்கார்ந்து சாப்பிட்டுச் சோம்பேறி ஆகி விட்டார்" என்று உறவினர்கள் பேசுகிறார்கள். பெங்களூர் நிமான்ஸ் போன்ற இடங்களில் நரம்பியல் மறுவாழ்வுக்கு என்றே தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே போக வேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை.

காலையோ கையையோ இழந்தவர்களின் வேதனை வேறு விதம். இல்லாத கை வலிக்கும். இல்லாத விரல்கள் மடங்கிக் கொண்டு விரிய மறுக்கும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் வி.எஸ்.ராமச்சந்திரன், 1990-களில் அமெரிக்காவில் இதற்கு ஒரு எளிய வழி கண்டார். நடுவில் கண்ணாடி பொருத்திய பெட்டி! இருக்கும் கையின் பிம்பம், இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். கண்ணாடியில் விரல் விரிவதைப் பார்த்ததும் சிலருக்குப் பிடிப்பு தளர்ந்தது.

கோர்ட்டு சொன்ன கணக்கு

ஊனத்தின் சதவீதமும் வருமான இழப்பின் சதவீதமும் ஒன்று அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2010-ல் ஒரு தீர்ப்பில் விளக்கியது. இடது கை போனால் ஊனம் சுமார் 60 சதவீதம். கையை இழந்தவர் டிரைவர் அல்லது தச்சர் என்றால், வருமான இழப்பு ஏறக்குறைய 100 சதவீதம். அரசாங்க குமாஸ்தாவுக்கோ வேலையே போகாமல் இருக்கலாம்.

ரெயில் விபத்தில் சட்டப்படி நஷ்டஈடு, 2017 ஜனவரி முதல் அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. அதற்கான பட்டியல் பெரும்பாலும் கை, கால், கண், காது என்று உறுப்புகளைத்தான் எண்ணுகிறது. மனுவை ஓராண்டுக்குள் ரெயில்வே கிளெய்ம்ஸ் டிரிபியூனலில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க டிரிபியூனலுக்கு அதிகாரம் உண்டு. வலிப்போ இந்தக் கெடுவைப் பார்த்து வருவது இல்லை.

ஆகவே தூக்கம் கெட்டது, குணம் மாறியது என்று மனைவி சொல்வதையும் ஒவ்வொரு தடவையும் டாக்டரின் சீட்டில் எழுதி வாங்குவது நல்லது. "நலமாக வீடு திரும்பினார்" என்று டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி மட்டும் இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் படித்துக் காட்டுவது அந்த வரியைத்தான்.