அஞ்சும் எலியும் ஆட்டிசமும்

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பது நம் முன்னோர் வாக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதும் அவர்கள் வாக்கே. இரண்டையும் நாம் ஏறத்தாழ ஒரே பொருளில் வழங்கி வருகிறோம். உண்மையில் அவை வெவ்வேறு நிலைகளைக் குறிப்பன. முன்னதில் அச்சம் உயிரைக் காக்கிறது. பின்னதில் அதே அச்சம் வரம்பு கடந்து உயிரை வாட்டுகிறது. ஒன்று மற்றொன்றாக மாறுவது எவ்வாறு என்று எலிகளின் மூளையில் தேடியவர்கள், ஆட்டிசம் என்னும் நிலையைப் பற்றிய பழைய கருத்தொன்றையே ஐயுறத் தலைப்பட்டனர்.

'தான்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது ஆட்டிசம் என்ற பெயர். அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943-ஆம் ஆண்டில் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையால் அது நிலைபெற்றது. அக்குழந்தைகள் பிறரை நாடாமல் தம்முள்ளேயே ஒடுங்கியிருந்தனர் என்று அவர் எழுதினார். அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. தூசு உறிஞ்சும் பொறியின் இரைச்சல், மின்தூக்கி, ஓடும் தண்ணீர், ஏன், காற்று வீசுவதுகூட அவர்களுள் சிலரைப் பெரிதும் நடுங்க வைத்தது. பின்வந்தோர் முதற் செய்தியைப் பற்றிக்கொண்ட அளவுக்கு இரண்டாவதைப் பற்றவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பெயரே 'தான்' என்று அமைந்துவிட்ட பிறகு, அச்சத்தை யார் நினைப்பார்?

இனி எலிகளுக்கு வருவோம். எலிக்கு ஆட்டிசம் வருமா என்று வாசகர் கேட்கலாம். வராது. ஆனால் மனிதரிடம் அந்நிலைக்கு வழிசெய்யும் காரணங்களுள் ஒன்றை எலியிடம் செலுத்திப் பார்க்க முடியும். வால்புரோயிக் அமிலம் என்பது காக்கை வலிப்புக்குத் தரப்படும் மருந்து. கருவுற்ற தாய் அதை உட்கொண்டால், பிறக்கும் குழந்தைக்கு ஆட்டிசம் ஏற்படும் வாய்ப்புக் கூடுகிறது. 1996-இல் பத்திரிசியா ரோடியர் என்பாரும் அவர் குழுவினரும் இம்மருந்தைச் சினை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். எலியின் கர்ப்ப காலம் ஏறத்தாழ 22 நாள். அதில் நரம்புக்குழாய் மூடிக்கொள்ளும் வேளையை ஒட்டி மருந்து செலுத்தப்படுகிறது.

இவ்வாறு பிறந்த எலிகளைக் கொண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கமிலா மார்க்ரம், ஹென்றி மார்க்ரம் முதலியோர் செய்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. செய்முறை எளியது. எலியை ஒரு கூண்டில் விட்டு ஓர் ஒலியை எழுப்புவர். ஒலி முடியும்போது காலடியில் சிறு மின் அதிர்ச்சி பாயும். சிலமுறை இப்படிச் செய்த பின்னர், அதிர்ச்சியின்றி ஒலியை மட்டும் கேட்கச் செய்வர். அஞ்சிய எலி ஓடுவதில்லை. மூச்சு தவிர வேறு அசைவின்றி உறைந்து நிற்கும். எவ்வளவு நேரம் உறைந்து நிற்கிறது என்பதே அச்சத்தின் அளவுகோல்.

எல்லா எலிகளும் உறைந்தன. மருந்துண்ட தாயின் எலிகளோ அளவுக்கு மீறி உறைந்தன. அது மட்டுமன்று, பழகாத வேறோர் ஒலியைக் கேட்டபோதும் அஞ்சின. இருண்டதெல்லாம் பேய்! மேலும், தீங்கில்லாத ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் மற்ற எலிகளின் அச்சம் படிப்படியாகத் தணியும். இவற்றின் அச்சம் எளிதில் தணியவில்லை. இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். அச்சம் தணிவது என்றால் மறதி என்று நினைக்கிறோம். அது மறதி அன்று, புதிய கல்வி. 'இவ்வொலி இப்போது தீங்கு செய்யாது' என்ற புதுப்பாடம் பழைய பாடத்தின் மேல் எழுதப்படுகிறது. பழையது அடியில் கிடக்கிறது.

அச்சப் பாடம் பதியும் இடங்களுள் முதன்மையானது அமிக்டலா. வாதுமைக் கொட்டை வடிவில் மூளையின் இருபுறமும் ஆழத்தில் அமைந்தது. அவ்வெலிகளின் அமிக்டலாவை மென்துண்டுகளாக எடுத்து மின்தூண்டல் கொடுத்தபோது, அது மிகையாகத் துடித்தது. நரம்பணு இணைப்புகள் அளவுக்கு மேல் வலுப்பெற்றன. அடக்கி ஆளும் நரம்பணுக்களின் வேலை குன்றியிருந்தது. குதிரை வலியது, கடிவாளம் தளர்ந்தது என்று கொள்ளலாம். அக்குழுவினர் 2007-இலேயே ஒரு கொள்கையை முன்வைத்திருந்தனர்: ஆட்டிசம் உடையவர்க்கு உணர்ச்சி குறைவு அன்று, மிகுதி, உலகம் தாங்கமுடியாத அளவுக்கு உறைப்பதால் அவர்கள் ஒதுங்குகின்றனர் என்பது அது.

இக்கொள்கையை அப்படியே விழுங்கிவிட வேண்டியதில்லை. ஆட்டிசத்துக்கு வழி ஒன்றன்று. எளிதில் முறியும் எக்ஸ் நிறப்புரி என்னும் மரபணுக் கோளாறும் பலருக்குக் காரணமாகிறது. அக்கோளாறுள்ள சுண்டெலிகளின் அமிக்டலாவைப் பெங்களூரில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டனர். அங்கே இணைப்புகள் வலுப்பெறும் ஆற்றல் கூடவில்லை, குறைந்திருந்தது. ஒரே பெயரின் கீழ் நேர்மாறான இரு நிலைகள்! அச்சுண்டெலிகளுக்கு உதவிய மருந்துவகையை மனிதரிடம் பெரிய அளவில் சோதித்தபோது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. எலியின் மூளையிலிருந்து குழந்தையின் மூளைக்கு நெடுந்தொலைவு.

எனினும் லோசான் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஆசிரியர்கள் அறிய வேண்டியது. வால்புரோயிக் எலிகளை மூன்று வகைக் கூண்டுகளில் வளர்த்தனர். ஒன்று வெறுங்கூண்டு. மற்ற இரண்டிலும் விளையாட்டுப் பொருள்களும் துணை எலிகளும் நிறைய உண்டு. ஆனால் ஒன்றில் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும். மற்றதில் பொருள்களை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருந்தனர். வகுப்பறைச் சுவரை வாரந்தோறும் மாற்றி அழகு பார்க்கும் பழக்கம் எனக்கும் உண்டு; ஆகையால் மாறும் கூண்டே வெல்லும் என்று எண்ணியே அதைப் படித்தேன். முடிவு வேறு. மாறாத கூண்டில் வளர்ந்த எலிகளிடம் அந்த மிகை அச்சம் தோன்றவில்லை. மாறிக்கொண்டே இருந்த கூண்டில் அத்தனை பொம்மைகள் இருந்தும் அது தோன்றிற்று.