பிணந்தின்னிக் கழுகைக் கொன்ற மருந்து

பிணந்தின்னிக் கழுகைக் கண்டு அருவருப்போர் பலர். ஆயினும், இறந்த கால்நடைகளைச் சில மணி நேரத்துள் வெறும் எலும்பாக்கி, இந்தியக் கிராமங்களைத் துப்புரவாக வைத்திருந்தது அதுவே.

1990ஆம் ஆண்டுகளில் இப்பறவைகள் அங்கே கூட்டங்கூட்டமாய் மடிந்தன. காரணம் யாது? பாகிஸ்தானில் நடந்து 2004இல் வெளியான ஆராய்ச்சி விடை கண்டது. மாடுகளின் நோவு தீர்க்கக் கொடுத்த டைக்குளோபினாக் என்னும் மருந்து, அவை இறந்தபின் பிணத்தில் தங்கி, தின்ற கழுகின் சிறுநீரகத்தைப் பழுதாக்கியது. இந்தியாவின் வெண்முதுகுக் கழுகுகளுள் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்டவை அழிந்தன.

2006இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடைசெய்தது. எனினும், ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவை விரைவிற் பெருகுமா? நீலகிரியை அடுத்த மாயாற்றங்கரையில், நீர்மருத மரங்களில் இன்றும் சில கூடுகள் உள.

கழுகு நீங்கிய ஊர்களில் பிணந்தின்ன நாய்கள் பெருகின. விசர்நாய்க்கடி அச்சமும் உடன் வளர்ந்தது. நாம் அருவருத்த பறவையே நமக்குக் காவலாய் இருந்தது!